அவள் தமிழை நான் இடம் மாற்றிய வருடம்

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்கள் மேனேஜர், "இனிமே ரெண்டு ஆப் கிடையாதுங்க, ஒண்ணுதான்" என்று அறிவித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தோழி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். சந்தோஷத்தில் மிதித்தாளா எரிச்சலில் மிதித்தாளா என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன்.

"ரெண்டும்தான் புள்ள," என்றாள். "ஒரே வேலைய நீ ஒருக்கா நான் ஒருக்கா செய்யற கூத்து முடிஞ்சுது. ஆனா என்ற தமிழ யாரு தூக்கிட்டுப் போறது?"

சரவணம்பட்டியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தோம். கோவையில் உள்ள ஒரு மருத்துவமனைக்காக, நோயாளிகள் தங்கள் போனில் வைத்துக்கொள்ளும் செயலி ஒன்றைச் செய்து கொடுத்திருந்தோம். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவது, பரிசோதனை முடிவைப் பார்ப்பது எல்லாம் அதில் நடக்கும். ஆண்ட்ராய்டு போனுக்கான செயலி அவள் பொறுப்பு, ஐபோனுக்கானது என் பொறுப்பு. ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றுவதென்றாலும் இருவரும் தனித்தனியே மாற்றியாக வேண்டும். இப்போது, ஒரே தடவை எழுதினால் இரண்டு வகைப் போனிலும் ஓடக்கூடிய புதிய கட்டமைப்புக்கு மாறச் சொல்லிவிட்டார்கள்.

இதில் வெளியாருக்குத் தெரியாத ஒரு வேலை உண்டு. திரையில் தெரியும் வாசகங்களை நாங்கள் நிரலுக்குள் எழுதுவதில்லை. அவை தனிக் கோப்பில் இருக்கும். ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு பெயர். அந்தப் பெயருக்கு எதிரே ஆங்கிலக் கோப்பில் ஆங்கிலம், தமிழ்க் கோப்பில் தமிழ். நிரல் பெயரைச் சொல்லிக் கேட்கும், கோப்பு வாசகத்தை எடுத்துக் கொடுக்கும். தமிழ் இல்லாத இடத்தில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். அவள் செயலியில் இருந்த கோப்பின் வடிவம் வேறு, என்னுடையதன் வடிவம் வேறு. புதிய வீட்டுக்குப் போகும்போது இரண்டையும் ஒன்றாக்கிக் கொண்டுபோக வேண்டும்.

வடிவம்தான் வேறு. இரண்டிலும் இருந்த தமிழ் அவளுடையது.

முதலில் தமிழ் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்திடமிருந்து வந்திருந்தது. 'தங்களது பரிசோதனை முடிவுகள் பதிவேற்றம் செய்யப்பட்டுள்ளன' என்பது போல. அதை அவள் உரக்கப் படித்துவிட்டு, "இத எங்கம்மா படிச்சா போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து வந்துருக்குதுன்னு நெனச்சு ஒளிஞ்சுக்கும்" என்றாள். யாரும் கேட்காமலே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். 'காத்திருக்கவும்' என்றிருந்தது 'கொஞ்சம் பொறுங்க' ஆயிற்று. 'தவறான கடவுச்சொல்' என்றிருந்தது 'கடவுச்சொல் பொருந்தலைங்க, இன்னொரு தடவை பாருங்க' ஆயிற்று. மருத்துவமனைக்காரர்கள் படித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். நான் அவள் எழுதியதை எடுத்து என் கோப்பில் ஒட்டிக்கொண்டேன்.

புதிய கட்டமைப்பின் வேலை தொடங்கிய சமயத்திலேயே அவளுக்கு வயிறு உப்பிக்கொண்டு வந்தது. மதியம் டப்பாவைத் திறந்து ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடிவிடுவாள். வாயு என்றாள். பெருங்காயம் கரைத்துக் குடித்தாள். மதுக்கரையிலிருந்து உக்கடம் வந்து, பஸ் மாறி சரவணம்பட்டி வருகிற பயணம்தான் உடம்பைக் கெடுக்கிறது என்று நானும் சொன்னேன். ஒரு நாள் படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் சுந்தராபுரம் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தார். அவரை வரச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நாங்கள் செயலி செய்து கொடுத்த அதே ஆஸ்பத்திரிக்கு. எங்களுக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி அதுதான்.

ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், வயிற்றிலிருந்து நீர் எடுத்து அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்றாள். மதியத்துக்கு மேல் அவள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள்.

'உங்க பரிசோதனை முடிவு வந்துருச்சுங்க. பயப்படாம திறந்து பாருங்க.'

அவள் எழுதியதுதான். அந்த வாசகத்தை எழுதியபோது என்னிடம் காட்டி, நன்றாக இருக்கிறதா என்று கேட்டதும் எனக்கு நினைவிருந்தது.

"பயப்படாமன்னு சொன்னாத்தான் புள்ள பயமே வருது," என்றாள். "நான் என்னத்த எழுதி வெச்சிருக்கேன்! எத்தன பேருக்குப் போயிருக்கும் இது?"

திறக்க வேண்டாம், வீட்டுக்காரர் வரட்டும் என்றேன். அவர் வந்தபிறகு கேன்டீனில் மூன்று பேரும் உட்கார்ந்து திறந்தோம். அதில் இருந்த ஆங்கிலச் சொற்களில் எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே போதுமாக இருந்தது. கர்ப்பப்பையை ஒட்டி வந்த புற்று, குடலுக்கும் பரவியிருந்தது. அவர் திரும்பத் திரும்ப, "மருந்து இருக்குதுங்களா, இதுக்கு மருந்து இருக்குதுங்களா" என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார். நான் என்ன டாக்டரா? இருக்குதுங்கண்ணா என்றேன்.

அதன்பிறகு கீமோ. ஊசி ஏறுகிற நாட்களில் ஆஸ்பத்திரியிலும், மற்ற நாட்களில் வீட்டிலும் இருந்தாள். மேனேஜர் நல்ல மனிதர். உடம்பைப் பாருங்க, வேலை எங்கேயும் போகாது என்றார். அவள்தான் கேட்கவில்லை. தமிழ்க் கோப்பை மட்டும் தன்னிடம் விட்டுவிட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். மடியில் லேப்டாப்போடு, தலையில் பருத்தித் துண்டு கட்டிக்கொண்டு, கையில் ஊசியோடு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"அம்மணி, நீங்களாச்சும் சொல்லுங்க. அந்தப் பொட்டிய மூடி வெக்கச் சொல்லுங்க. நெம்ப சோர்ந்து போயிர்றா."

"சும்மா இருங்க," என்றாள் அவள். "இது தெறந்திருக்கற வரைக்கும் நான் ஆஸ்பத்திரிக்கு வேல செய்யறவ. மூடிட்டா வெறும் பேஷண்டு."

அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

வேலை நிஜமாகவே இருந்தது. ஒரே வாசகத்துக்கு நான் ஒரு பெயர் வைத்திருந்தேன், அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். எது நிற்பது எது போவது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டியிருந்தது. நான் ஒட்டியபோது செய்த எழுத்துப் பிழைகளையெல்லாம் கண்டுபிடித்து, "ஐபோன் வெச்சிருக்கறவங்களுக்கு இந்தத் தமிழ் போதும்னு நெனச்சுட்டயாக்கும்" என்று திட்டினாள். புதிய கோப்பில் ஒவ்வொரு வாசகத்துக்கும் கீழே ஒரு குறிப்பு எழுத இடம் இருந்தது. பின்னால் வருகிற மொழிபெயர்ப்பாளருக்காக அது. நாங்கள் யாரும் அதை நிரப்புவதில்லை. அவள் நிரப்பினாள். 'இதைப் படிப்பவர் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கலாம். ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.' 'இதைப் பெரும்பாலும் மகன் அல்லது மகள் படித்துச் சொல்வார். கேட்பவருக்குப் புரிய வேண்டும்.'

ஒரு நாள் அவளும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதை எழுதாமல் விட மனம் வரவில்லை. புதிய செயலியைச் சோதித்துப் பார்க்க, நோயாளியின் இடத்தில் அவள் தன் பெயரையே போட்டிருந்தாள். டாக்டரின் இடத்தில் அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரின் பெயர். டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளை நினைவூட்டும் வாசகத்தில், ஆங்கிலத்தில் டாக்டர் பெயர் முதலில் வரும், தமிழில் நோயாளி பெயர் முதலில் வரும். பழைய கோப்பில் எது முன்னே எது பின்னே என்பதற்கு எண் போட்டிருந்தோம். மாற்றும்போது அந்த எண்கள் உதிர்ந்து போயிருந்தன. திரையில் வந்தது இது: அந்த டாக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாளைக்கு உங்களை டாக்டர் பார்ப்பாருங்க என்றது, டாக்டர் பெயர் வர வேண்டிய இடத்தில் அவள் பெயர்.

"நாளைக்கு ரவுண்ட்ஸ் வரட்டும் அந்தாளு," என்றாள். "நாக்க நீட்டச் சொல்லிப் பாத்துப்போட்டு, அவருக்கு ஒரு கீமோ எழுதிக் குடுக்கறேன்."

சிரிப்பில் அவள் கை ஆடி, மருந்து ஏறும் இயந்திரம் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நர்ஸ் ஓடி வந்தாள். என்னவென்று சொல்ல முயன்று எங்களால் முடியவில்லை. கடைசியில் திரையைக் காட்டினோம். அந்த நர்ஸும் சிரித்தாள். நான் அந்தப் பிழையை அன்று சரி செய்யவில்லை. அடுத்த தடவை வரும்போதும் அது இருக்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

பரிசோதனை முடிவு வந்ததைச் சொல்லும் அந்த ஒரு வாசகத்தைத்தான் அவளால் முடிக்க முடியவில்லை. எதையாவது எழுதுவாள், அழிப்பாள். 'முடிவு வந்திருக்கு' என்று மட்டும் வைத்தால் கதவை அறைந்து சாத்துவது போல இருக்கிறது என்பாள். தைரியம் சொல்கிற சொல் எதையும் வைக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். ஒரு சனிக்கிழமை மதுக்கரையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. நான் உள்ளே நுழைந்ததும் வா என்றுகூடச் சொல்லாமல், "கெடச்சுருச்சு புள்ள" என்றாள்.

'உங்க பரிசோதனை முடிவு வந்திருக்குதுங்க. இப்பவே பாக்கோணும்னு இல்லைங்க.'

"இத்தனதான்," என்றாள். "அன்னிக்கு எனக்கு யாராச்சும் இதச் சொல்லியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. பாக்கறதும் பாக்காததும் உன்ற இஷ்டம்னு."

அதைக் கோப்பில் ஏற்றினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே குறிப்பு எழுதவில்லையா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

புதிய செயலி வெளியாவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். கடைசியில் மருந்து கேட்கவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு காலையில் நான் அலுவலகத்தில் காபி வாங்கிக்கொண்டு நாற்காலிக்கு வருகிறேன், அவள் எண்ணிலிருந்து அழைப்பு. நானும் மடத்தனமாக, "என்ன புள்ள, இந்நேரத்துக்கே" என்றேன்.

"நானுங்க அம்மணி," என்றார் அவள் வீட்டுக்காரர். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. நான் காபியை மேசையில் வைத்தேன். அவள் நாற்காலியில் மடித்துப் போட்டிருந்த ஸ்வெட்டர் அப்படியே இருந்தது. ஏசி குளிர் தாங்காமல் அவள் கொண்டு வந்து வைத்தது.

அலுவலகமே மதுக்கரைக்குப் போனது. அவள் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒரே ஜோலி செய்யறவீங்கன்னு சொல்லுமே, இப்ப நீ மட்டும் செய்வயா கண்ணு" என்று கேட்டார்.

வேலைக்குத் திரும்பி சில வாரங்கள் இருக்கும். மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். கதவைச் சாத்தியதுமே நல்ல செய்தி இல்லை என்று தெரிந்தது.

"ஆஸ்பத்திரிய வேற ஊர் குரூப் ஒண்ணு வாங்கிருச்சுங்க. எல்லா ஊர்லயும் ஒரே மாதிரித் தமிழ் இருக்கோணும்னு அவங்க ஃபைல் அனுப்பியிருக்காங்க. பேரெல்லாம் அதேதான். வாசகம் மட்டும் மாறுது."

"எல்லாமேங்களா?"

"எல்லாமேதாங்க." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வேற யாரையாச்சும் செய்யச் சொல்லட்டுங்களா?"

வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். ஆனால் அதற்கு முன் அவர்களோடு ஒரு தடவை பேச வேண்டும் என்றேன். அவர் ஏற்பாடு செய்து கொடுத்தார். வீடியோவில் வந்த பெண்மணி கோபக்காரியாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பொறுமையாகக் கேட்டார். எழுதியவர் இறந்துவிட்டார் என்று சொன்னதும் வருத்தம் தெரிவித்தார், உண்மையாகவே.

"படிச்சுப் பார்த்தேன் மேடம். அழகா இருக்கு. ஆனா திருநெல்வேலியிலயும் எங்களுக்கு ஆஸ்பத்திரி இருக்கு. அங்க இருக்கிறவங்களுக்கு இது வேற ஊர்ப் பேச்சா இருக்கும், இல்லையா?"

"அப்ப ஒரே ஒரு வரி மட்டும் வெச்சுக்குங்க," என்றேன். பரிசோதனை முடிவு பற்றிய அந்த வாசகத்தை வாசித்துக் காட்டினேன். வேண்டுமானால் அதைப் பொதுத் தமிழில் மாற்றிக்கொள்ளுங்கள், அர்த்தம் மட்டும் இருந்தால் போதும் என்றேன்.

"சில முடிவு அவசரமானதா இருக்கும். உடனே பார்த்தாத்தான் உயிர் தப்பும். இப்பவே பார்க்க வேண்டியதில்லைன்னு ஒரு ஆஸ்பத்திரி எப்படிங்க சொல்லலாம்?"

அவர் சொன்னது சரி. தவறாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவளும் நானும் எத்தனையோ தடவை அந்த வரியைப் படித்தோம், இந்தக் கோணம் எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அவள் தன்னை நினைத்து எழுதினாள். அவசரமாகப் பார்த்தும் பயனில்லாத முடிவு அவளுடையது.

புதிய கோப்பை ஏற்றினேன். பழையதை எடுத்துவிட்டு இதை வைப்பது கொஞ்ச நேர வேலைதான். அவர்கள் கோப்பில் குறிப்புகளுக்கான இடம் காலியாக இருந்தது. எந்த வாசகமும் விடுபடவில்லை, எந்த இடத்திலும் ஆங்கிலம் எட்டிப் பார்க்கவில்லை. சோதனை முழுவதும் பச்சை, எல்லாம் தேறிவிட்டது. செயலி வெளியானது, மேனேஜர் கேக் வெட்டச் சொன்னார். பிறகு அவருக்கே ஒரு மாதிரியாகி, கேக்கை அடுத்த அறைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் அவள் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"அம்மணி, ஒரு சங்கதிங்க. ஃபோன்ல என்னமோ மாறிப்போச்சுங்க. முடிஞ்சா ஒரு எட்டு வர்றீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் அவளுடைய போனைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். சார்ஜ் நிறைந்திருந்தது. எங்கள் செயலியில், மாத்திரை போடும் நேரத்தை வைத்துக்கொண்டால் அந்த நேரத்துக்கு நினைவூட்டும். அவள் காலைக்கும் சாயங்காலத்துக்கும் வைத்திருந்தாள். அவள் போனபிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. தினமும் காலையில் போன் மணியடித்து, 'மாத்திரை போட்டாச்சுங்களா? சாப்பிட்டுட்டுப் போடுங்க' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவள் எழுதிய வாசகம் என்று அவருக்குத் தெரியும். அவளே ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"அது கேக்கற வரைக்கும் நான் சாப்பிட மாட்டனுங்க," என்றார். "கேட்டதும் ரெண்டு இட்டிலி போட்டுக்குவேன். அவ சொல்ற மாதிரியே இருக்குமுங்க. இந்த வாரம் பாத்தா..."

திரையில் 'மருந்து உட்கொள்ளும் நேரம்' என்றிருந்தது.

செயலி தானாகவே புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஏற்றியது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் "சரீங்க, சரீங்க" என்றார்.

"பழையபடி பண்ண முடியாதுங்களா?"

பழைய செயலியைத் திறந்தால், புதியதை இறக்கிக்கொள் என்று சொல்லி மூடிக்கொள்ளும். அதை விளக்கினேன். பிறகு, இந்த ஒரு போனுக்கு மட்டும் அவள் வாசகங்களோடு நான் தனியாக ஒன்று செய்து போட்டுத் தருகிறேன் என்றேன். முடியக்கூடிய காரியம்தான். அலுவலகத்தில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அவர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். லேத்தில் வேலை செய்த கை, விரல் இடுக்கெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. அந்தக் கையால் திரையைச் சட்டையில் துடைத்தார்.

"வேண்டாமுங்க அம்மணி. அப்ப அது தானா வந்துச்சுங்க. இனி வந்தா நாம வர வெச்சது."

"அண்ணா, நான் சும்மா..."

"தெரியுமுங்க. நீங்க செய்வீங்க. ஆனா வேண்டாமுங்க." போனை என் பக்கம் நீட்டி, "இத எப்படிங்க நிறுத்தறது?" என்று கேட்டார்.

காட்டிக்கொடுத்தேன். நினைவூட்டல்களை அணைக்கும் பொத்தானை அவரே அழுத்தினார். காலையை அணைத்தார், அப்புறம் சாயங்காலத்தை. செயலியை எடுத்துவிடட்டுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. போனைக் கொண்டுபோய் அலமாரியில் அவள் சேலைகளுக்கு மேல் வைத்துவிட்டு வந்தார். அப்போதுதான் அவர் அழுதார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே, சத்தமில்லாமல். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பக்கத்தில் போய் நின்றேன். என்னாலும் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மேட்டில் இருக்கும் மெஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பரிமாறுகிற அம்மா வந்து ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டதும், சரி என்று தலையாட்டி, மெதுவாகச் சாப்பிடத் தொடங்கினார்.